தெவி, எஸ்டிமேட், கொட்டேஷன்: ஒரு சின்ன வெப்சைட்டின் விலை வந்த கதை

1995 செப்டம்பர் 14ஆம் தேதிக்கு முன்னால் இணையத்தில் கடைக்கு ஒரு பெயர் வேண்டுமென்றால் காசே கொடுக்க வேண்டாம். டாட் காம் என்று முடியும் பெயர்களைப் பதிந்து கொடுக்கும் வேலையை அமெரிக்காவில் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற ஒரே கம்பெனி பார்த்து வந்தது. செலவை அந்நாட்டு அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை ஏற்றுக்கொண்டிருந்தது. கேட்டவர்கள் கூட்டம் பெருகியதும் அந்தத் தேதியிலிருந்து கட்டணம் வைத்தார்கள். முதல் இரண்டு வருஷத்துக்கு 100 டாலர், அதன் பிறகு வருஷத்துக்கு 50 டாலர். நம் பணத்தில் அன்றைக்கு மூவாயிரம் ரூபாய்க்கு மேல். அந்த 100 டாலரில் 30 டாலர் இணைய வளர்ச்சிக்கு என்று தனி நிதியில் போய்ச் சேர்ந்தது. வரி போடும் அதிகாரம் யார் கொடுத்தது என்று கோர்ட்டுக்குப் போனார்கள். 1998இல் அந்த 30 டாலர் கழன்றது. 1999இல் வேறு கம்பெனிகளும் பெயர் விற்கலாம் என்று திறந்து விட்டார்கள். போட்டி வந்ததும் விலை விழுந்தது. இன்று ஆயிரம் ரூபாய் சுமாரில் ஒரு வருஷத்துக்குப் பெயர் கிடைக்கிறது.

பென்ஷன் வாங்கிக்கொண்டு கடற்கரையில் நடக்கிற நமக்கு இந்தச் சரித்திரம் எதற்கு என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. காரணம் இருக்கிறது. நம் ஊரில் நாலு அறை உள்ள வீடெல்லாம் கெஸ்ட் ஹவுஸ் ஆகிவிட்டது. மாடியில் சோப்பு காய்ச்சுகிற பெண், மண்பொம்மை செய்கிற பையன், தையல் கடை வைத்திருக்கிற மருமகள் என்று நம் வீடுகளிலேயே சிறு வியாபாரிகள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் ஒரு கொட்டேஷன் தாளோடு வந்து, “இது நியாயமான விலைதானா, பாருங்க” என்று நீட்டுகிறார்கள். நமக்கு கம்ப்யூட்டர் தெரியாதே என்று ஒதுங்கிவிடக் கூடாது என்பது என் கட்சி. பொதுப்பணித்துறையில் எழுத்தராக முப்பது வருஷத்துக்கு மேல் எஸ்டிமேட் கோப்புகளையும் டெண்டர் ஒப்பீட்டுப் பட்டியல்களையும் புரட்டியவன் நான். இது கட்டடம் இல்லைதான். ஆனால் விலை போடுகிற கலை ஒன்றுதான்.

இங்கே முதலில் பிரான்ஸ் பக்கம் ஒரு நடை போய் வர வேண்டும். பாண்டியில் பாதிக் குடும்பங்களுக்கு அங்கே ஒரு கிளை உண்டு என்பதால் சிலர் இதைக் கண்ணாலேயே பார்த்திருப்பீர்கள். மினிதெல் என்று ஒரு பெட்டி. சின்ன டி.வி. போலிருக்கும், கீழே மடக்கும் தட்டச்சுப் பலகை. 1982 முதல் நாடு முழுக்க டெலிபோன் இலாகாவே வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுத்தது. உச்சத்தில் சுமார் 90 லட்சம் பெட்டிகள். டெலிபோன் டைரக்டரியை அதில் பார்க்கலாம், முதல் மூன்று நிமிஷம் இலவசம். ரயில் டிக்கெட் எடுக்கலாம். என் சித்தப்பா மகன் 1988இல் எழுதிய கடிதத்தில் அதை ஒரு பக்கத்துக்கு வர்ணித்திருந்தான். படித்துவிட்டு, இவன் அளக்கிறான் என்று என் தகப்பனார் சொன்னார். 2012 ஜூன் 30ஆம் தேதியோடு அதை மூடினார்கள்.

மினிதெல்லில் கவனிக்க வேண்டியது அதன் கணக்கு முறை. 1984இல் கொண்டுவந்த கியோஸ்க் ஏற்பாட்டின்படி, 3615 என்று எண் போட்டு ஒரு சேவைக்குள் நுழைந்தால் நிமிஷக் கணக்கில் பணம் ஓடும். அது டெலிபோன் பில்லில் ஏறும். இலாகா அதை வசூலித்துத் தன் பங்கை எடுத்துக்கொண்டு பெரும்பகுதியைச் சேவை நடத்துபவருக்கு அனுப்பும். அதாவது, பார்க்க வருகிறவனே செலவைக் கொடுத்தான். கடை திறந்த அன்றிலிருந்து கல்லாவில் சில்லறை விழுந்தது.

இணையதளம் நேர்மாறு. ஜெனீவாவுக்குப் பக்கத்தில் செர்ன் என்ற அணு ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் அதை உண்டாக்கினார். 1993 ஏப்ரல் 30ஆம் தேதி அந்நிலையம் அந்த மென்பொருளை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. உலகமே அதன் பக்கம் சாய்ந்ததற்கு அதுவும் ஒரு பெரிய காரணம். ஆனால் அதன் பலனாக, பார்க்க வருகிறவன் கடைக்காரருக்கு ஒரு சல்லிக்காசு தருவதில்லை. செலவு முழுக்க முன்கூட்டியே கடைக்காரர் தலையில். முன்கூட்டிச் செலவு என்று வந்தால் முன்கூட்டி மதிப்பீடு வேண்டும். அங்கேதான் நம் தொழில் உள்ளே வருகிறது.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15. விதேஷ் சஞ்சார் நிகம் கொடுத்தது. படத்தோடு பார்க்கக்கூடிய இணைப்புக்குத் தனிநபர் கட்டணம் 15,000 ரூபாய், அதுவும் 250 மணி நேரத்துக்கு. எழுத்து மட்டும் தெரிகிற மாணவர் இணைப்பு 500 ரூபாய். 15,000 என்பது என் அன்றைய சம்பளத்தில் நான்கு மாதம். பார்ப்பதற்கே அவ்வளவு என்றால், ஒரு மளிகைக்கடைக்காரர் தளம் கட்டுவதைப் பற்றி யோசித்திருக்கவே முடியாது. நம் நாட்டுக்கான டாட் இன் பெயரும் அப்போது எளிதில் கிடைக்காது, விதிகள் கெடுபிடி. 1992இலிருந்து 2004 வரை மொத்தமே ஏழாயிரம் பெயர்கள்தான் கொடுத்திருந்தார்கள். 2005 ஜனவரியில் யாரும் வாங்கலாம் என்று திறந்தார்கள்.

பிறகு ஒவ்வொரு ஐட்டமாக விலை கரைந்தது. கட்டடத்துக்குச் செங்கல், சுண்ணாம்பு, மரம், இரும்பு மாதிரி ஒரு தளத்துக்குப் பெயர், இடம், மென்பொருள், பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் விலை போன கதையை மேலே சொன்னேன். இடம் என்றால் நம் பக்கங்களை வைத்திருக்கிற கம்ப்யூட்டரில் வாடகைக்கு ஒரு மூலை, ஹோஸ்டிங் என்கிறார்கள். ஒரு சிறு கடைக்கு இன்று வருஷத்துக்கு மூன்று நாலாயிரத்துக்குள் அடங்கிவிடும். மென்பொருளுக்கு விலையே இல்லை. அபாச்சி, பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் மூன்றும் இலவசமாகக் கிடைப்பவை. அவற்றின் மேல் 2003 மே மாதம் மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இரண்டு பேர் வேர்ட்பிரஸ் என்பதை வெளியிட்டார்கள், அதுவும் இலவசம். இன்று உலகத்துத் தளங்களில் பெரும் பங்கு அதன் மேல்தான் நிற்கிறது. பூட்டு என்றால், முகவரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் வருமே, அதற்கான சான்றிதழ். முன்பு அதற்கு வருஷாவருஷம் பணம் கட்ட வேண்டும். 2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு எல்லோருக்கும் இலவசமாகத் தர ஆரம்பித்தது. 2018 ஜூலையிலிருந்து பூட்டு இல்லாத தளத்தை “பாதுகாப்பற்றது” என்று கூகுளின் குரோம் முத்திரை குத்தியது. இலவசமாகக் கிடைக்கிற அந்தச் சான்றிதழுக்கு இன்னும் ஐயாயிரம் ஆறாயிரம் என்று கொட்டேஷனில் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தால் அந்த வரியில் பென்சிலால் ஒரு சுழி போட்டு வையுங்கள்.

தமிழில் தளம் வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் இன்னொரு ஐட்டம் உண்டு: எழுத்து. இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய பையன்களுக்கு இது தெரியாது. தொண்ணூறுகளில் ஒவ்வொரு தமிழ்த் தளமும் தன் தனி எழுத்துருவில் இருந்தது. வாசகர் முதலில் அந்த எழுத்துருவை இறக்கித் தன் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டால்தான் படிக்க முடியும். இல்லாவிட்டால் ஆங்கில எழுத்தும் கொக்கியும் புள்ளியுமாகத் தெரியும். வெளிநாட்டுத் தமிழர்கள் ஈமெயிலிலேயே விவாதித்து டிஸ்கி என்று ஒரு பொது முறையை உண்டாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டைத் தொட்டு டாம், டாப் என்று இரண்டு முறைகளைத் தமிழ்நாடு அரசு ஏற்றது; தமிழ்99 விசைப்பலகையும் அப்போது வந்ததுதான். கடைசியில் யூனிகோட் எல்லாவற்றையும் விழுங்கியது. விண்டோஸ் 2000இலேயே யூனிகோட் தமிழ் இருந்தது என்றாலும் அது பழக்கத்துக்கு வரப் பல வருஷம் ஆயிற்று. பழைய முறையில் கட்டிய தமிழ்த் தளத்துக்கு இன்னொரு கெடுதலும் இருந்தது: தேடுபொறியில் தமிழில் தேடினால் அது அகப்படாது. காசு செலவழித்துக் கடை கட்டிவிட்டு வாசலை அடைத்து வைத்த மாதிரி. இன்று அந்த ஐட்டம் பூஜ்யம். செல்போனில் பேத்தி தட்டுகிற தமிழே தளத்தில் ஏறிவிடுகிறது.

ஆக, சாமான் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு ஐயாயிரம் ரூபாய் சுமார். அப்படியிருக்க, ஒரே வேலைக்கு மூன்று பேர் மூன்று விலை சொல்வது எப்படி?

காலஞ்சென்ற என் நண்பன் ஒருவனின் மகள், நம் பழைய பிரஞ்சுப் பகுதியில் நான்கு அறைகளைக் கெஸ்ட் ஹவுஸாக நடத்துகிறாள். அவள் புருஷனும் போய்விட்டான். அவன் கம்பெனியில் கொடுத்த பணத்தில் மிச்சமிருப்பதும் இந்த வீடும்தான் அவளுக்கு. மூன்று கொட்டேஷன் வாங்கி வந்திருந்தாள். ஒன்று 12,000. ஒன்று 48,000. ஒன்று 1,80,000.

“எது சரி, பெரியப்பா?” என்றாள்.

“மூணுமே தப்பும்மா. நீ என்ன கேட்டேன்னு சொல்லு முதல்ல” என்றேன்.

“கெஸ்ட் ஹவுஸுக்கு வெப்சைட் வேணும்னு கேட்டேன்.”

அவ்வளவுதான். மூன்று தாளிலும் எழுதியிருந்ததும் அவ்வளவுதான். “வெப்சைட் – 1”. துறையில் “கட்டடம் – 1” என்று ஒரு எஸ்டிமேட் அனுப்பியிருந்தால் அந்தக் கோப்பு அதே வேகத்தில் திரும்பி வந்திருக்கும், சிவப்பு மையில் நாலு வரியோடு.

ஷெட்யூல் ஆஃப் ரேட்ஸ் என்று ஒரு புத்தகம் இருக்கும். ஒரு கன மீட்டர் மண் வெட்ட இவ்வளவு, ஒரு சதுர மீட்டர் பூச இவ்வளவு. எஸ்டிமேட் என்பது அளவை ரேட்டால் பெருக்கி, ஐட்டம் ஐட்டமாகக் கூட்டுவது. வேலை நடந்த பிறகு அளவுப் புத்தகத்தில் உள்ளபடி அளந்து எழுதி, அதன்படிதான் பில். நாங்கள் படித்த பிரஞ்சில் இந்த மதிப்பீட்டுத் தாளுக்கு ‘தெவி’ என்று பெயர். கடைசி எழுத்து ஒலிக்காது. எங்கள் வீட்டம்மா காதில் அது தேவி என்று விழுந்து ஒரு காலத்தில் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அது வேறு கதை. பிரான்ஸில் குழாய் ரிப்பேர்க்காரர்கூட தெவி எழுதி நீட்டுவார். வேலையின் விவரம், சாமான், கூலி, வரி, எத்தனை நாளைக்கு இந்த விலை செல்லும் என்பது வரை அதில் இருக்கும்.

நெப்போலியன் காலத்து 1804 சிவில் சட்டத்தில் “தெவிகளும் ஒப்பந்தங்களும்” என்று ஒரு தனிப் பகுதியே உண்டு. அந்தச் சட்டம் 1819 ஜனவரியில் நம் ஊரிலும் பிரகடனமானது. அதன் 1793ஆம் பிரிவு எனக்குப் பிடித்தமானது. ஒப்புக்கொண்ட பிளான்படி மொத்தமாக ஒரு விலைக்குக் கட்டடம் கட்டித் தருவதாக ஒருவர் ஏற்றால், பின்னால் கூலி ஏறிவிட்டது, சாமான் ஏறிவிட்டது என்று கூடுதல் கேட்க முடியாது. நடுவில் மாற்றிக் கட்டினேன் என்றும் கேட்க முடியாது. மாற்றத்தை வீட்டுக்காரர் எழுத்தில் ஒப்பி, அதற்கான விலையையும் பேசி முடித்திருந்தால் மட்டும்தான் கேட்கலாம். அது கட்டடத்துக்கு உள்ள சட்டம், வெப்சைட்டுக்கு அல்ல. ஆனால் அந்த மூன்று சொற்களை எடுத்துக்கொள்ளலாம்: பிளான், எழுத்து, விலை. முதல் சொல்லான பிளான் இல்லாவிட்டால் மற்ற இரண்டும் தொங்கலில் நிற்கும்.

குறைந்த விலைக்காரருக்கே கொடுத்துவிடலாமே என்பவர்களுக்கு வோபானைச் சொல்வேன். பதினாலாம் லூயி மன்னரின் கோட்டைப் பொறியாளர். 1680களில் அவர் யுத்த மந்திரி லூவ்வாவுக்கு எழுதிய கடிதம் ஒன்று இன்றும் பிரஞ்சுக் கான்ட்ராக்டர்கள் வட்டத்தில் சுற்றுகிறது. அதன் சாரம் இதுதான்: விலையைக் குறைத்துக் குறைத்து ஏலம் விடுவதால், வேறு வேலை கிடைக்காதவர்களும் தொழில் தெரியாதவர்களும்தான் வருகிறார்கள், வேலை பாதியில் நிற்கிறது, நிற்காவிட்டால் மட்டமாக முடிகிறது, வேலைக்கு உரிய விலையைக் கொடுத்து, கடமையைச் செய்கிற கான்ட்ராக்டருக்கு நேர்மையான கூலியை மறுக்காமல் இருப்பதே கடைசியில் மலிவு. பாண்டிக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. இப்போது பாரதி பூங்கா இருக்கிற பக்கத்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த லூயி கோட்டை, வோபானின் முறையில், தூர்னே கோட்டையை மாதிரியாக வைத்துக் கட்டியது. 1761இல் ஆங்கிலேயர் அதைத் தரைமட்டமாக்கினார்கள். அதற்குக் கான்ட்ராக்டர் பொறுப்பில்லை.

துறையில் எல்-1 என்போம், குறைந்த விலைக்காரர். அவருக்குத்தான் வேலை போகும். ஆனால் அதற்கு முன் ஒரு நிபந்தனை உண்டு: எல்லோரும் ஒரே ஐட்டங்களுக்கு விலை போட்டிருக்க வேண்டும். ஒருவர் அஸ்திவாரம் உட்பட, இன்னொருவர் அஸ்திவாரம் நீங்கலாக என்றால் ஒப்பீட்டுப் பட்டியலே போட முடியாது. அந்த மூன்று தாள்களும் அப்படித்தான் இருந்தன.

கம்ப்யூட்டர்காரர்களும் இதையெல்லாம் யோசிக்காதவர்கள் அல்லர். 1979இல் ஐபிஎம் கம்பெனியில் ஆலன் ஆல்பிரெக்ட் என்பவர், எத்தனை வரி புரோகிராம் எழுதினோம் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, பயன்படுத்துகிறவர் கண்ணில் படுவதை எண்ணலாம் என்றார். எத்தனை விவரம் உள்ளே போகிறது, எத்தனை வெளியே வருகிறது, எத்தனை விசாரணை, எத்தனை பதிவேடு. இது நம் அளவுப் புத்தகமேதான். 1981இல் பேரி போம் என்ற அமெரிக்கர் மென்பொருளின் பொருளாதாரம் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். அவர் சொன்ன ஒரு விஷயம் இந்த வீட்டுப் பிரச்சினைக்கு நேராகப் பொருந்துகிறது. என்ன வேண்டும் என்று தெளிவாகத் தீர்மானிக்காத கட்டத்தில் போடுகிற மதிப்பீடு, உண்மைச் செலவில் கால் பங்காகவும் இருக்கலாம், நாலு மடங்காகவும் இருக்கலாம். விவரம் தெளியத் தெளிய இந்த இடைவெளி கூம்பு போலக் குறுகும். கால் பங்குக்கும் நாலு மடங்குக்கும் நடுவே பதினாறு மடங்கு. நம் பெண்ணின் 12,000க்கும் 1,80,000க்கும் நடுவே பதினைந்து மடங்கு. போம் சொன்னது ஒரே குழு தன் வேலைக்குப் போடுகிற மதிப்பீட்டைப் பற்றி. வேறு வேறு ஆட்களின் கொட்டேஷனைப் பற்றி அல்ல. எண்கள் இவ்வளவு ஒட்டி நின்றது தற்செயல்தான். இருந்தாலும் எனக்கு அன்று ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது.

மறுநாள் உட்கார்ந்து பிளான் எழுதினோம். இரண்டு சாயங்காலம் ஆயிற்று, மூன்று டம்ளர் காபி ஆயிற்று. எத்தனை பக்கம்? ஏழு. எத்தனை மொழி? தமிழ், ஆங்கிலம், பிரஞ்சு. எழுதிக் கொடுப்பது யார்? இந்தக் கேள்வியில்தான் பெரும்பாலான தளங்கள் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்கின்றன. தளம் கட்டுகிறவர் “உள்ளடக்கம் வாடிக்கையாளர் தருவார்” என்று ஒரு வரி போட்டுவிடுவார். வாடிக்கையாளர் அதைக் கவனிக்கவே மாட்டார். ஆங்கிலம் அவள், பிரஞ்சும் தமிழும் நான் என்று எழுதிக்கொண்டோம். போட்டோ? தனி ஆள், தனி ரேட். அறை முன்பதிவு தளத்திலேயே வேண்டுமா, போனில் பேசிக்கொண்டால் போதுமா? வேண்டும். அப்படியானால் மற்ற புக்கிங் தளங்களில் ஒரு அறை போய்விட்டால் இங்கேயும் அது நிரம்பியதாகக் காட்ட வேண்டுமே? இந்த ஒரு கேள்விதான் 12,000 ரூபாய்க்காரரும் 1,80,000 ரூபாய்க்காரரும் பிரிகிற இடம். முதலாமவர் அதைச் சேர்க்கவே இல்லை. மூன்றாமவர் அதோடு செல்போன் ஆப் ஒன்றையும் சேர்த்திருந்தார். நாலு அறைக்கு ஆப் எதற்கு என்று கேட்டதற்கு, “எதிர்காலத்துக்கு” என்றாராம்.

பெயர் யார் பேரில் பதிவாகும் என்பதைத் தனி ஐட்டமாக எழுத வைத்தேன். இதில் எனக்கு ஒரு வடு உண்டு. எனக்கு வேண்டிய குடும்பம் ஒன்று, பலகாரக் கடைக்காரர்கள், பல வருஷத்துக்கு முன் ஒருவரிடம் தளம் கட்டக் கொடுத்தார்கள். அவர் கடைப் பெயரைத் தன் பேரிலேயே பதிந்துகொண்டார். தகராறு வந்தபோது அவர் போனை எடுக்கவில்லை, புதுப்பிக்கவும் இல்லை. பெயர் காலாவதியாகி, எங்கோ இருக்கிற யாரோ அதை எடுத்துக்கொண்டு ஒரு பெரிய தொகை கேட்டார்கள். காகிதப் பையிலும் பெட்டியிலும் அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்த முகவரி, ஒரு சூதாட்டப் பக்கத்துக்குப் போய் நின்றது. பத்திரம் மேஸ்திரி பேரில் இருக்கிற வீட்டில் யாராவது குடியிருப்பார்களா? வேலை முடிந்ததும் சாவிக்கொத்தும் பிளானும் ஒப்படைப்பது போல, பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் எழுத்தில் ஒப்படைக்க வேண்டும், அதன் பிறகே கடைசித் தவணை என்று போட்டோம்.

இதெல்லாம் எதற்கு, இலவசமாகவே ஒரு பக்கம் வைத்துக்கொள்ளலாமே என்று அவள் தம்பி கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். பதிலும் சரித்திரத்தில் இருக்கிறது. தொண்ணூறுகளில் ஜியோசிட்டீஸ் என்று ஒன்று இலவசமாகப் பக்கம் கொடுத்தது. லட்சக்கணக்கானவர்கள் அங்கே குடியேறினார்கள். 1999இல் யாஹூ அதை முன்னூறு கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2009 அக்டோபரில் மூடியது. இன்னும் பக்கத்தில் ஒரு உதாரணம்: கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிந்தவர்களுக்கு கூகுளே இலவசமாக ஒரு சின்னத் தளம் கொடுத்து வந்தது. 2024 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டது. வரைபடத்தில் பெயர் இருக்கட்டும், இன்ஸ்டாகிராமும் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவை வாடகை கேட்காத அடுத்தவர் திண்ணை.

எஸ்டிமேட்டுக்கு இன்னொரு பக்கம் உண்டு, அதைத் துறையில் நாங்கள் அதிகம் பார்த்ததில்லை: போட்ட காசு திரும்புமா? அவளுடைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னேன். நான்கு அறையும் சேர்த்து வருஷத்துக்கு 600 இரவு நிரம்புகிறது. ஓர் இரவுக்கு 2,200 ரூபாய். அதில் 400 இரவு புக்கிங் தளங்கள் மூலம். அவர்கள் நூற்றுக்குப் பதினெட்டு எடுத்துக்கொள்கிறார்கள். 8,80,000இல் 1,58,400 ரூபாய் கமிஷன். இந்தத் தொகையை அவள் அதுவரை கூட்டிப் பார்த்ததே இல்லை. மாதாமாதம் கழித்துக்கொண்டு மிச்சம் வருவதால் கண்ணில் படவில்லை. “இவ்வளவா, பெரியப்பா?” என்று இரண்டு தடவை கேட்டாள்.

சொந்தத் தளம் வந்தால் அந்த 400இல் கால்வாசி, அதாவது 100 இரவு நேராக வரும் என்று வைத்தோம். ஏற்கனவே தங்கியவர்கள் மறுபடி வரும்போது நேரே வருவார்கள் என்பதால் இது பேராசைக் கணக்கு அல்ல. கமிஷனில் மிச்சம் 39,600. ஆன்லைனில் பணம் வாங்கித் தருகிறவர்களுக்குச் சுமார் இரண்டு சதவீதம், 4,400 கழியும். பெயர், இடம், அவ்வப்போது பழுது பார்க்க என்று வருஷச் செலவு 8,000. நிகரம் 27,200. தளத்துக்கு 60,000 செலவானால் இரண்டேகால் வருஷத்தில் திரும்பும். 1,80,000 என்றால் ஆறரை வருஷம் ஆகும். ஐந்தாறு வருஷத்தில் இந்தத் தளங்கள் பழசாகி மறுபடி கொத்தி எடுத்துப் பூச வேண்டி வருகிறது என்பதால், மூன்றாவது கொட்டேஷன் காலம் முழுக்கக் கடன் அடைத்துக்கொண்டே இருக்கும். 12,000 ரூபாய்த் தளமோ முன்பதிவே செய்யாது என்பதால் ஒரு கமிஷனையும் மிச்சப்படுத்தாது. கையேடு அச்சடித்தது போலத்தான்.

இரண்டு பக்கத் தாளாக அந்தப் பிளானைத் தட்டச்சு செய்து அதே மூன்று பேருக்கும் அனுப்பினாள். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் எதிரே தனி விலை எழுத வேண்டும், ஜிஎஸ்டி உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும், இந்த விலை எத்தனை நாளைக்கு என்று போட வேண்டும். ஒரு வாரத்தில் பதில் வந்தது. 12,000 சொன்ன பையன் 52,000 போட்டிருந்தான். கூடவே, இவ்வளவு வேலை என்று முதலில் தெரியாது மேடம் என்று ஒரு குறிப்பு. பாவம், முதல் தாளுக்கே முன்பணம் கொடுத்திருந்தால் நடுவழியில் விட்டுவிட்டு ஓடியிருப்பான். அவன் மேல் குற்றமும் சொல்ல முடியாது. 48,000க்காரர் 61,000. 1,80,000க்காரர் ஆப்பை எடுத்துவிட்டு 95,000க்கு இறங்கியிருந்தார். பதினைந்து மடங்கு இடைவெளி இரண்டு மடங்குக்குள் வந்துவிட்டது. பழைய வழக்கப்படி ஒப்பீட்டுப் பட்டியல் ஒன்று கோடு போட்டுத் தயார் செய்தேன். கையெழுத்துப் போடத்தான் மேலதிகாரி இல்லை.

நடுவிலிருந்தவருக்கு வேலையைக் கொடுத்தாள். மூன்று தவணை: ஆரம்பத்தில் 20,000, மூன்று மொழியிலும் பக்கங்கள் ஓடியதும் 20,000, பாஸ்வேர்ட் ஒப்படைத்ததும் 21,000. நடுவில் ஒரு மாற்றம் வந்தது, யோகா வகுப்புக்கு ஒரு பக்கம். 3,500 என்று ஈமெயிலில் கேட்டார், அவள் சரி என்று ஈமெயிலிலேயே ஒப்பினாள். 1793ஆம் பிரிவு அவர் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. பதினோரு வாரத்தில் தளம் எழுந்தது. பெயர் அவள் பேரில் இருக்கிறது. அடுத்த புதுப்பிப்பு தேதியைச் சமையலறைக் காலண்டரில் சிவப்பில் சுழித்து வைத்திருக்கிறாள். போட்டோக்காரர் பில் மட்டும் இன்னும் முடியவில்லை. மழை விட்டதும் மொட்டைமாடியை மறுபடி எடுக்க வேண்டும் என்கிறார். அதற்குத் தனி ரேட்டாம். எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறோம்.